பெயரை நீக்கிவிட்டால் நோயாளியின் அடையாளம் நீங்கிவிடுமா?

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆவணப் பிரிவுக்குப் பொறுப்பாளர். சர்க்கரை நோயாளிகளில் யாருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும் என்று முன்கூட்டியே கணிக்கும் இயந்திரக் கற்றல் மாடல் ஒன்றை, அதாவது பழைய பதிவுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கணினி நிரலை, உருவாக்க, ஒரு கல்லூரி ஆய்வுக் குழு அவரிடம் ஐந்தாண்டுப் பதிவுகளைக் கேட்கிறது. பெயர், முகவரி, ஆதார் எண் மூன்றையும் எடுத்துவிட்டு, செல்பேசி எண்ணை 'ஹேஷ்' செய்துவிட்டால் தரவு யாருடையது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது என அந்தக் குழு எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தத் தாளில் கையெழுத்து போடலாமா என்று கேட்கிறார்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெயர் நீக்கிய கோப்பிலிருந்து ஓர் ஆளைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியுமா என்பது ஒன்று. "தரவை யாருக்கும் தரமாட்டோம், மாடலை மட்டுமே வெளியிடுவோம்" என்று அவர்கள் சொன்னதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மாடலிலிருந்து நோயாளியைப் பற்றி ஏதாவது கசியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆராய்ச்சி உலகில் உறுதியான பதில் உண்டு: முடியும். இரண்டாவதற்குப் பதில்: கசியலாம், எவ்வளவு என்பது மாடலைப் பயிற்றுவித்த விதத்தைப் பொறுத்தது. தரவுத் தனியுரிமையில் பதினைந்து ஆண்டுகளாக ஆராய்ச்சி செய்கிறேன், பாடம் நடத்துகிறேன், இரண்டு மருத்துவ நெறிமுறைக் குழுக்களில் வெளி உறுப்பினராக இருந்திருக்கிறேன். அந்த வாசகத்தின் கீழ் கையெழுத்து போடாதீர்கள் என்பதே என் பதில். அதற்காக ஆய்வைத் திருப்பி அனுப்பிவிடவும் வேண்டாம். சிறுநீரகம் கெடும் முன்பே எச்சரிக்கும் கருவி நமக்குத் தேவை. மாற்ற வேண்டியது வாசகத்தையும் வழிமுறையையும்தான்.

எளிதில் தீர்க்கக்கூடியது முதலில். ஹேஷ் என்பது ஓர் எண்ணையோ எழுத்தையோ அரைத்து வேறொரு நீண்ட குறியீடாக மாற்றும் கணக்கு. குறியீட்டிலிருந்து பின்னோக்கிப் போய் மூல எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் யாரும் பின்னோக்கிப் போக வேண்டிய அவசியமே இல்லை. இந்தியச் செல்பேசி எண்ணுக்குப் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. ஆக மொத்தம் சாத்தியமான எண்கள் 400 கோடி. அத்தனையையும் ஒவ்வொன்றாக ஹேஷ் செய்து பட்டியல் போட்டு, உங்கள் கோப்பில் உள்ள குறியீட்டோடு ஒப்பிட்டால் போதும். விளையாட்டுக்காக வாங்கிய ஒரு கிராஃபிக்ஸ் அட்டை இதைச் சில நொடிகளில் முடித்துவிடும். நியூயார்க்கில் இதுவே நடந்தது. 2013ஆம் ஆண்டின் சுமார் 17 கோடி டாக்சிப் பயணங்களின் பதிவு, தகவல் உரிமைக் கோரிக்கையின் வழியே 2014இல் வெளியே வந்தது. வண்டி எண்களையும் ஓட்டுநர் உரிம எண்களையும் எம்டி5 என்ற ஹேஷ் முறையில் மறைத்திருந்தார்கள். அந்த எண்களின் அமைப்பு தெரிந்த ஒரு மென்பொருள் பொறியாளர், சில மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் பழைய எண்களாக மாற்றிக் காட்டினார். பிறகு வேறொருவர், பிரபலங்கள் டாக்சியில் ஏறும் பத்திரிகைப் புகைப்படங்களில் வண்டி எண்ணையும் நேரத்தையும் பார்த்து, அவர்கள் எங்கே போய் இறங்கினார்கள், எவ்வளவு கட்டணம் கொடுத்தார்கள் என்று கண்டுபிடித்தார். ஆகவே செல்பேசி எண்ணின் ஹேஷ் உங்கள் கோப்பில் இருக்கவே கூடாது. ஒரே நோயாளியின் பல வருகைகளை இணைக்க ஓர் எண் தேவையென்றால், மருத்துவமனையே குலுக்கல் முறையில் ஒரு வரிசை எண்ணைக் கொடுக்கட்டும். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் உங்கள் பூட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். 1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் காப்பீட்டை நிர்வகித்த ஆணையம் அவர்களது மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. அப்போதைய ஆளுநர் வில்லியம் வெல்டு, இதனால் யாருடைய அந்தரங்கத்துக்கும் ஆபத்தில்லை என்று உறுதியளித்தார். அப்போது அங்குள்ள எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். பட்டியலில் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் இருந்தன. மருத்துவப் பதிவிலும் அதே மூன்று இருந்தன. ஆளுநரின் பிறந்த தேதி கொண்டவர்கள் அந்நகரப் பட்டியலில் ஆறு பேர், அவர்களில் ஆண்கள் மூவர், அவரது அஞ்சல் குறியீட்டில் ஒருவர் மட்டுமே. அவரது மருத்துவக் குறிப்பு ஸ்வீனியின் கைக்கு வந்துவிட்டது. அதே மூன்று விவரங்கள் அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டப் போதும் என்று பிறகு அவர் கணக்கிட்டார்.

இந்தக் கதை எங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் கதை; ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. வெல்டு 1996 மே மாதம் ஒரு பட்டமளிப்பு விழா மேடையில் மயங்கி விழுந்து, அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது செய்தியானது. அவர் எந்த நாளில் அனுமதிக்கப்பட்டார் என்று ஊருக்கே தெரியும். சாதாரண மனிதர் ஒருவரை இதே உறுதியோடு பிடித்திருக்க முடியாது. கேம்பிரிட்ஜில் வசித்தவர்களில் பலர் வாக்காளர் பட்டியலில் இல்லாததால், "ஒருவர் மட்டுமே" என்பதைக்கூட உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது என்று ஆய்வாளர் டேனியல் பார்த்-ஜோன்ஸ் பின்னாளில் எழுதினார். நியாயமான விமர்சனம். 87 சதவீதம் என்ற எண்ணும் நிலைக்கவில்லை. 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஃபிலிப் கோல் மறுபடி கணக்கிட்டபோது 63 சதவீதம் வந்தது. எண் எதுவானாலும் பாதிக்கு மேல் என்பதில் மாற்றமில்லை.

நம் நாட்டுக்கு இதை அப்படியே பொருத்தக்கூடாது. எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் சுமார் 19,000 பின்கோடுகள். 140 கோடிப் பேரைப் பிரித்தால் ஒரு பின்கோட்டுக்கு 70,000 பேருக்கு மேல் வருகிறார்கள். எண்பது ஆண்டுகளுக்கான பிறந்த தேதிகள் 29,200. ஆண், பெண் என்று இரண்டால் பெருக்கினால் 58,400 பெட்டிகள். பெட்டிக்குச் சராசரியாக ஒன்றேகால் ஆள். மக்கள் சீராகப் பரவியிருந்தால் பத்தில் மூன்று பேர் தங்கள் பெட்டியில் தனியாக நிற்பார்கள். அமெரிக்காவைவிடக் குறைவு, ஆனால் அலட்சியம் செய்யும் அளவு குறைவல்ல. உண்மையில் யாரும் சீராகப் பரவியிருப்பதில்லை. நம் மூத்தவர்கள் பலருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய தேதி. ஜூன் 1 என்றும் ஜனவரி 1 என்றும் கொத்துக் கொத்தாக இருக்கும். அவர்கள் கூட்டத்தில் மறைந்துகொள்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களோ எண்ணிக்கையில் குறைவு என்பதால் வெட்டவெளியில் நிற்கிறார்கள். நம் வாக்காளர் பட்டியலில் பிறந்த தேதி இல்லை, வயது மட்டும்தான் இருக்கிறது என்பது ஓர் ஆறுதல். ஆனால் வீட்டு எண்ணும் கணவர் அல்லது தந்தையின் பெயரும் இருக்கின்றன. அந்தப் பட்டியல் எல்லோரும் பார்க்கக்கூடியது.

இந்தக் கணக்குகளைவிட என் மனதில் தங்கியிருப்பது நான் நேரில் பார்த்த ஒரு நிகழ்வு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெறிமுறைக் குழுக் கூட்டம். டயாலிசிஸ் நோயாளிகளின் பதிவிலிருந்து ஒரு பக்கத்தை மாதிரிக்கு அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார்கள். பெயர் இல்லை, முகவரி இல்லை. வயது, பாலினம், தாலுகா, முதல் டயாலிசிஸ் தேதி, உடனிருக்கும் நோய்கள், சிகிச்சை நிறுத்தப்பட்ட காரணம் என்று பத்திகள். கோப்புகளைக் கொண்டுவந்து வைத்த மூத்த செவிலியர், தாளைக் குனிந்து பார்த்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார். "இந்த 91 வயது அம்மா, பேரன் பைக்கில் கூட்டிக்கொண்டு வருவானே, அவர்கள்தானே?" என்றார். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் மூன்று பேரைச் சொன்னார். அதில் ஒருவருக்குச் சிகிச்சை நிறுத்தப்பட்ட காரணம் "குடும்பம் செலவைத் தொடர இயலவில்லை" என்று எழுதியிருந்தது. அறையில் யாரும் பேசவில்லை. அந்தச் செவிலியர் எந்தக் கணினியையும் தொடவில்லை. நோயாளிகளை அக்கறையோடு நினைவில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

நீங்கள் யோசிக்க வேண்டிய எதிராளி வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஹேக்கர் அல்லர். ஒரே ஊர்க்காரர், சம்பந்தம் பேச வருபவர், வேலைக்கு எடுக்கப்போகிறவர், கடன் கொடுத்தவர் ஆகியோர்தான். உங்கள் மருத்துவமனைக்கு இன்னார் போகிறார் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். லாரி விபத்தில் இடது கால் எடுக்கப்பட்ட, 47 வயது, சர்க்கரை நோய் உள்ள ஆண் என்றால் ஒரு தாலுகாவில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அதனால்தான் ஒரு கோப்பைத் தனியாக வைத்துப் பார்த்து "இது அடையாளமற்றது" என்று சான்றளிக்க முடியாது என்கிறேன். அந்தக் கோப்பு யார் கைக்குப் போகிறது, அவருக்கு வேறு என்ன தெரியும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதைச் சொல்ல முடியும்.

இதை ஆய்வாக நிறுவியவர்களில் சென்னை ஐஐடியில் படித்துவிட்டு டெக்சாஸுக்குப் போன அரவிந்த் நாராயணன் ஒருவர். நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 2006இல் பத்து லட்சம் டாலர் பரிசுப் போட்டிக்காகச் சுமார் 4,80,000 சந்தாதாரர்கள் படங்களுக்குக் கொடுத்த 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. நாராயணனும் விடாலி ஷ்மாட்டிகோவும், ஒருவர் பார்த்த எட்டுப் படங்களின் மதிப்பெண்களும் ஏறக்குறைய என்று பார்த்தார் என்பதும் தெரிந்தால், அவற்றில் இரண்டு முற்றிலும் தவறாக இருந்தாலும், தேதியில் இரண்டு வாரம் பிசகினாலும், 99 சதவீதப் பதிவுகளைத் தனித்து எடுக்க முடியும் என்று 2008இல் காட்டினார்கள். பொதுத் திரைப்படத் தளம் ஒன்றில் சொந்தப் பெயரில் மதிப்பெண் போட்டவர்களைக் கொண்டு சிலரை அடையாளம் கண்டும் காட்டினார்கள். வழக்கு வந்தது, இரண்டாவது போட்டி 2010இல் கைவிடப்பட்டது. படம் பார்த்த வரிசையே ஒருவரது கைரேகை ஆகிறதென்றால், ஐந்தாண்டுகளில் ஒருவருக்கு எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவுகளும் அவற்றின் தேதிகளும் எவ்வளவு துல்லியமான கைரேகை என்று எண்ணிப் பாருங்கள். ஆய்வகத்தில் இருந்து குறுஞ்செய்தியாக வந்த ஒரே ஒரு முடிவு கிடைத்தாலும், கோப்பில் அந்த வரியைத் தேடிப் பிடித்துவிடலாம். மீதி ஐந்தாண்டும் அதோடு வந்துவிடும்.

அப்படியானால் அடையாளம் நீக்குவதே வீண் வேலையா? இல்லை, இங்கே நிதானம் வேண்டும். உடல்நலத் தரவுகளில் மறுஅடையாளம் கண்டதாக வெளியான ஆய்வுகளைக் காலித் எல் எமாம் குழு 2011இல் தொகுத்துப் பார்த்தது. வெற்றி பெற்ற முயற்சிகளில் பெரும்பாலானவை, எந்தத் தரமுறையையும் பின்பற்றாமல் அரைகுறையாகப் பெயர் நீக்கப்பட்ட கோப்புகள் மீது நடந்தவை. அமெரிக்க விதிமுறைப்படி ஒழுங்காக அடையாளம் நீக்கிய ஒரு மருத்துவக் கோப்பில், 15,000 பேரில் இருவரை மட்டுமே சரியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த விதிமுறை 18 வகை விவரங்களை நீக்கச் சொல்கிறது: தேதிகளில் ஆண்டு மட்டும் இருக்கலாம், அஞ்சல் குறியீட்டில் முதல் மூன்று இலக்கம் மட்டும், அதுவும் அந்தப் பகுதியில் 20,000 பேருக்கு மேல் இருந்தால்தான், 89 வயதைத் தாண்டிய எல்லோரும் ஒரே தொகுதி. அந்த 91 வயது அம்மா இந்த விதியின் கீழ் கூட்டத்தில் மறைந்திருப்பார். ஒழுங்காகச் செய்தால் பலன் உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் அந்தச் சோதனை நடந்த காலத்துக்குப் பிறகு இணையத்தில் சேர்ந்துவிட்ட துணைத் தகவல்களின் அளவே வேறு. அதே எண்ணை இன்றைக்கும் எழுதி நம்ப எனக்குத் துணிவில்லை.

ஒரே மாதிரியான விவரம் கொண்டவர்கள் குறைந்தது ஐந்து பேராவது இருக்கும்படி கோப்பில் உள்ள விவரங்களைத் தொகுதிகளாக்க வேண்டும் என்ற விதியையும் சிலர் உங்களிடம் சொல்லலாம். ஸ்வீனி 2002இல் முன்வைத்த வழி இது, நல்ல தொடக்கம். ஆனால் அந்த ஐந்து பேருக்கும் எச்ஐவி இருந்தால், யார் எவர் என்று தெரியாமலேயே ஐவரின் ரகசியமும் வெளியாகிவிடும். 2006இலேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள்.

இனி மாடலுக்கு வருகிறேன். "மாடல் என்பது வெறும் எண்கள், அதில் நோயாளி எங்கே இருக்கிறார்?" என்று ஆய்வுக் குழு கேட்கும். நல்ல நோக்கத்தோடுதான் கேட்பார்கள். பத்தாண்டுகளுக்கு முன் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மாணவன் ஒருவன் மாதிரி வினாத்தாளை மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பார்த்த வினாவுக்குப் படபடவென்று உறுதியோடு எழுதுவான். புதிய வினாவுக்குத் தயங்குவான். அவன் எழுதும் வேகத்தைப் பார்த்தே எந்த வினா அவன் கையில் முன்பே இருந்தது என்று சொல்லிவிடலாம். மாடலும் தான் பயின்ற நோயாளியின் பதிவைத் திரும்பக் காட்டினால் கூடுதல் உறுதியோடு பதில் சொல்லும். ரெசா ஷோக்ரியும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் இந்த வேறுபாட்டை மட்டும் வைத்து, குறிப்பிட்ட ஒருவரின் பதிவு பயிற்சித் தரவில் இருந்ததா என்று கணிக்க முடிந்ததைக் காட்டினார்கள். அவர்கள் சோதித்தவற்றில் டெக்சாஸ் மாநில மருத்துவமனைப் பதிவுகளும் அடக்கம். "இருந்தாரா" என்பது மட்டும் தெரிந்தால் என்ன நட்டம் என்று தோன்றலாம். உங்கள் மாடல் சர்க்கரை நோயாளிகளை மட்டும் வைத்துப் பயின்றது. அதில் இருந்தார் என்றாலே அவருக்குச் சர்க்கரை நோய் என்று பொருள். மனநல மருத்துவமனையின் மாடலாக இருந்தால் இதன் கனம் இன்னும் நன்றாகப் புரியும்.

மாடல் வருவதற்கு முன்பே மரபணு ஆய்வாளர்கள் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள். நோயாளிக் குழுவின் மரபணுச் சராசரிகளை மட்டும், தனிநபர் தரவு எதுவும் இல்லாமல், பொதுவில் வைத்திருந்தார்கள். ஒருவரின் டிஎன்ஏ விவரம் கையில் இருந்தால் அவர் அந்தக் குழுவில் இருந்தாரா என்று அந்தச் சராசரிகளிலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியதும், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அவற்றைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. பத்தாண்டு கழித்து, 2018இல், பெரும்பாலானவற்றை மறுபடி திறந்துவிட்டது. ஆபத்து பொய் என்று தெரிந்ததால் அல்ல. ஆய்வின் பலனோடு ஒப்பிட்டால் தாங்கக்கூடிய ஆபத்து என்று முடிவெடுத்ததால். உங்கள் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும் எடுக்க வேண்டியது இத்தகைய முடிவுதான். "ஆபத்தே இல்லை" என்ற வாசகம் அந்த முடிவை எடுக்கவிடாமல் தடுக்கிறது.

மாடல் மீதான தாக்குதல்கள் எவ்வளவு வலுவானவை என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. பல கட்டுரைகள் சராசரித் துல்லியத்தைச் சொல்லி அச்சுறுத்துகின்றன. நிக்கோலஸ் கார்லினி குழு 2022இல் சொன்னது சரியென்று நினைக்கிறேன்: நூறு பேரில் அறுபது பேரைப் பற்றி அரைகுறையாக ஊகிப்பதைவிட, ஆயிரத்தில் ஒருவரை ஐயமின்றிப் பிடிப்பதுதான் உண்மையான அந்தரங்க மீறல், அளவையும் அப்படித்தான் எடுக்க வேண்டும். அப்படி அளந்தால் பழைய தாக்குதல்கள் பல பலவீனமானவை என்று தெரிந்தது. கூடவே, கூட்டத்தோடு ஒட்டாத அபூர்வமான நோயாளிகள்தான் எளிதில் சிக்குகிறார்கள் என்பதும் தெரிகிறது. ஆய்வுக் குழு மருத்துவர்களின் குறிப்புரைகளையும் கேட்டு, மொழி மாடல் (எழுத்துகளைப் படித்துப் பழகித் தானும் எழுதும் மாடல்) ஒன்றைப் பயிற்றுவிக்கப் போவதாகச் சொன்னால், உங்கள் எச்சரிக்கை பல மடங்கு கூட வேண்டும். ஜிபிடி-2 என்ற மொழி மாடலிலிருந்து பயிற்சியில் பார்த்த நூற்றுக்கணக்கான வாசகங்களை, மனிதர்களின் பெயர், தொலைபேசி எண் உட்பட, எழுத்துப் பிசகாமல் வெளியே எடுத்துக் காட்டியவர்களும் கார்லினி குழுவினர்தான். தானே எழுதிய குறிப்பில் மருத்துவர் ஊர்ப் பெயரையும் மகன் பெயரையும் எழுதியிருப்பார்; அவற்றை நீக்கும் மென்பொருள்கள் தமிழ்ப் பெயர்களில் அடிக்கடி தடுமாறுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கசிவு என்று சொல்லக்கூடாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். புகைபிடித்தால் புற்றுநோய் வரும் என்று ஓர் ஆய்வு நிறுவினால், புகைபிடிக்கும் என் நண்பரைப் பற்றி உலகத்துக்குப் புதிதாக ஒன்று தெரிந்துவிடுகிறது. அவர் அந்த ஆய்வில் கலந்துகொள்ளாவிட்டாலும் தெரிந்திருக்கும். அது அறிவியலின் பலன். அவர் தரவு கசிந்ததால் வந்ததல்ல. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: இந்த நோயாளியின் பதிவு கோப்பில் இருந்ததால், இல்லாதிருந்தால் தெரிந்திராத ஏதாவது வெளியே தெரிகிறதா?

இந்தக் கேள்வியைக் கணிதமாக்கியதுதான் சிந்தியா டுவொர்க், ஃபிராங்க் மெக்ஷெரி, கோபி நிசிம், ஆடம் ஸ்மித் நால்வரும் 2006இல் தந்த 'டிஃபரன்ஷியல் பிரைவசி'. இதன் வித்து 1965இல் வார்னர் என்ற புள்ளியியலாளர் சொன்ன உத்தியில் இருக்கிறது; நாணயத்தைக் கொண்டு விளக்கலாம். ஆயிரம் காசநோயாளிகளிடம் "மாத்திரையை நடுவில் நிறுத்தினீர்களா?" என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவரும் மறைவாக ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் மறுபடி சுண்டி, தலைக்கு "ஆம்", பூவுக்கு "இல்லை" என்று சொல்ல வேண்டும். 400 பேர் "ஆம்" என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 250 நாணயத்தால் வந்தவை. மீதி 150 பேர், உண்மை சொன்ன 500 பேரில் இருந்து வந்தவர்கள். ஆக 30 சதவீதம் பேர் நிறுத்தியிருக்கிறார்கள். ஊரின் உண்மை உங்களுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் "ஆம்" என்று சொன்ன எந்த ஒருவரையும் பார்த்து "நீ நிறுத்தினாய்" என்று குற்றம் சாட்ட முடியாது. நாணயம் சொல்லச் சொன்னது என்பார். அந்த மறுப்பு எவ்வளவு வலுவானது என்பதை எப்சிலான் என்ற எண்ணால் அளக்கிறார்கள். எண் சிறிதானால் பாதுகாப்பு அதிகம். நாணய உதாரணத்தில் அது ஏறக்குறைய 1.1.

மாடல் பயிற்சிக்கு இதைக் கொண்டுவரும் முறையை 2016இல் மார்ட்டின் அபாடி உள்ளிட்டோர் கொடுத்தார்கள். எந்த ஒரு நோயாளியும் மாடலைத் தன் பக்கம் இழுக்கக்கூடிய அளவுக்கு வரம்பு வைத்து, அதன்மேல் கணக்காகக் கொஞ்சம் இரைச்சலை, அதாவது தற்செயலான சிறு எண் பிசகுகளை, தூவுவது அதன் சாரம். எதிராளிக்கு வேறு என்ன தெரிந்திருந்தாலும் இந்த உத்தரவாதம் நிற்கும். நான் வேறெந்த முறையைப் பற்றியும் இப்படி எழுதமாட்டேன்.

ஆனால் இதற்கு விலை உண்டு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் அளவைக் கணிக்கும் மாடல்களை வைத்து 2014இல் நடந்த ஆய்வில், அந்தரங்கத்தை நன்றாகக் காக்கும் அளவுக்கு இரைச்சல் சேர்த்தபோது, கணினிப் பாவனையில் நோயாளிகளுக்குப் பக்கவாதமும் ரத்தக்கசிவும் மரணமும் கூடின. மருந்து அளவைச் சொல்லும் மாடலில் இது விளையாட்டல்ல. 2019இல் வந்த மற்றோர் ஆய்வு, இந்த இரைச்சலால் துல்லியம் குறையும்போது சிறுபான்மைக் குழுக்களுக்கே அதிகம் குறைகிறது என்று காட்டியது. உங்கள் மருத்துவமனையில் பழங்குடி நோயாளிகள் இருபது பேர்தான் என்றால், அவர்களைப் பற்றி மாடல் எதுவுமே கற்காமல் போகலாம். எப்சிலான் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. ஒன்றுக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று வகுப்பில் சொல்கிறோம். அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொகுதி மறுவரையறைக் கோப்புகளுக்கு 19.61 வைத்தார்கள். சில ஆயிரம் பதிவுகள் மட்டுமே கொண்ட உங்கள் கோப்பில் கடுமையான எப்சிலானோடு உருப்படியான மாடல் கிடைக்குமா என்றால், என் அனுபவத்தில், எளிய மாடல்களுக்குக் கிடைக்கலாம், ஆழ்நரம்பு வலைகள் எனப்படும் பல அடுக்குச் சிக்கலான மாடல்களுக்குக் கடினம்.

தரவை எங்கும் அனுப்பாமல் பல மருத்துவமனைகளும் சேர்ந்து பயிற்றுவிக்கும் முறையும் பேசப்படுகிறது. நல்லதுதான், ஆனால் அனுப்பப்படும் இடைக்கணக்குகளிலிருந்தே மூலப் பதிவை மீட்கலாம் என்று 2019இல் காட்டியிருக்கிறார்கள். அது தனித்து நிற்கும் காவல் அல்ல.

சட்டத்தைப் பற்றி அளவோடுதான் சொல்வேன். நான் வழக்கறிஞர் அல்லன், உங்கள் மருத்துவமனைச் சட்ட ஆலோசகரின் சொல்லே இதில் இறுதி. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காணக்கூடிய எந்தத் தரவையும் தனிநபர் தரவாகவே கருதுகிறது. "பெயர் இருக்கிறதா" என்று அது கேட்பதில்லை. ஆராய்ச்சிக்கு அதில் விலக்கு உண்டு. தனிப்பட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தக்கூடாது, வகுக்கப்பட்ட தரநிலைகளைப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023இல் மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவுக்கென்றே நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. உங்கள் நெறிமுறைக் குழு அதை மேசையில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்யக்கூடியது இது. கோப்பை வெளியே அனுப்பமாட்டேன். இணைய இணைப்பில்லாத ஒரு கணினியை ஆவணப் பிரிவிலேயே வைத்து, ஆய்வுக் குழு தன் நிரலை அங்கே கொண்டுவந்து ஓட்டச் சொல்வேன். பிறந்த தேதிக்குப் பதில் ஐந்தாண்டு வயதுத் தொகுதி, பின்கோடுக்குப் பதில் மாவட்டம், வருகைத் தேதிகளுக்குப் பதில் முதல் வருகையிலிருந்து எத்தனையாவது மாதம் என்ற கணக்கு. சிறுநீரகத்தைக் கணிக்க இவை போதும், தேதி தேவையில்லை. எண்பதைத் தாண்டியவர்கள் ஒரே தொகுதி. மருத்துவர் குறிப்புரை கிடையாது. கோப்பு தயாரானதும், வார்டில் பத்தாண்டு வேலை செய்த செவிலியர் இருவரை உட்காரவைத்து, யாரையாவது தெரிகிறதா என்று கேட்பேன். எந்த மென்பொருளும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். மாடல் வெளியே போகும் முன், பயிற்சியில் இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் அது வேறுபடுத்திக் காட்டுகிறதா என்ற சோதனையை அந்தக் குழுவே நடத்தி முடிவைத் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவேன். யாரையும் மறுஅடையாளம் காண முயலமாட்டோம் என்ற உறுதிமொழியும் அதில் இருக்கும். அந்தத் தாளில் "எவராலும் கண்டுபிடிக்க முடியாது" என்ற வரியை அடித்துவிட்டு, "நேரடி அடையாளங்கள் நீக்கப்பட்டன, எஞ்சிய ஆபத்தை நெறிமுறைக் குழு ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது" என்று எழுதி, அதன் கீழ் கையெழுத்து போடுவேன்.

ஆய்வுக் குழு கேட்கும் அட்டவணைப் பத்திகளின் தலைப்புகளை மட்டும் இங்கே பதியுங்கள். எதை நீக்கலாம், எதைத் தொகுதியாக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன். மாதிரிக்கென்று ஒரே ஒரு நோயாளியின் வரியைக்கூடப் பதிய வேண்டாம்.